கப்பல் வந்தாச்சு, இடம் யாருக்கு? துறைமுக வரிசையை முடிவு செய்யும் கணக்கு

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே மூன்று கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உள்ளே காலியாக இருப்பது ஒரே ஒரு தளம். யாரை முதலில் உள்ளே விடுவது?

'முதல்ல வந்தவரைத்தான்' என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் அப்படி விட்டால், கப்பல்களின் மொத்தக் காத்திருப்பு நேரம் மூன்று மடங்குக்கும் மேல் கூடிவிடலாம். இதற்குச் சரியான விடை தேட ஒரு தனிக் கணக்கே இருக்கிறது. உலகின் பெரிய துறைமுகங்களை மையமாக வைத்து 30 ஆண்டுகளாக இதில் ஆராய்ச்சி நடக்கிறது.

அந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது? அதில் ஜெயிப்பது யார், காத்திருப்பது யார்? எளிமையாகப் பார்க்கலாம்.

வத்தலக்குண்டுக்கும் துறைமுகத்துக்கும் என்ன சம்பந்தம்?

வத்தலக்குண்டிலிருந்து தூத்துக்குடி சாலை வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர். ஆனால் திண்டுக்கல் மாவட்டத்துக்கு இது பழைய உறவு. வத்தலக்குண்டில் 1884-ல் பிறந்த சுப்பிரமணிய சிவா, தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரோடு சேர்ந்து சுதேசி இயக்கத்தை நடத்தியவர். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908 மார்ச்சில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள்.

அந்தக் காலத் தூத்துக்குடியில் பெரிய கப்பல் கரையை ஒட்டி வந்து நிற்கவே முடியாது. ஆழம் போதாது. கப்பல் சில மைல் தள்ளி நங்கூரம் போடும். ஆட்களும் சரக்கும் தோணிகளில்தான் கரைக்கு வரும். இன்றைய ஆழ்கடல் துறைமுகம் 1974 ஜூலை 11-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் அதற்கு வ.உ.சி. பெயர் வைக்கப்பட்டது.

இன்று திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளுக்கு அருகில் உள்ள பெரிய துறைமுகம் இதுதான். உரம் இறக்குமதியாகும் துறைமுகங்களில் இதுவும் ஒன்று. வாழைக்கும் தென்னைக்கும் போடுகிற பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா வெளிநாடுகளையே நம்பி இருக்கிறது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி வருவதும் கடல் வழியாகத்தான். ஆக, கப்பல் தளத்தில் நடக்கும் தாமதம் மில், வயல், மின்சாரம் என்று உள்ளூர் வரை வந்து சேரும்.

'பெர்த்' என்றால் என்ன?

சரக்கை ஏற்றவும் இறக்கவும் கப்பல் கட்டி நிறுத்தப்படும் இடம்தான் பெர்த். தமிழில் கப்பல் தளம் அல்லது சரக்கு தளம் என்கிறோம்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல், மதுரை, தேனி, கொடைக்கானல் என்று நாலா பக்கமும் போகும் பஸ்கள் அங்கே வந்து நிற்கின்றன. ஒரு பஸ் கிளம்பினால்தான் அடுத்தது அந்த இடத்தில் நுழைய முடியும். கப்பலுக்கும் அதே கதைதான். ஆனால் பஸ் நிற்பது சில நிமிடம். கப்பல் நிற்பது சில மணி நேரத்திலிருந்து சில நாள் வரை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. எந்தக் கப்பலும் எந்தத் தளத்திலும் நின்றுவிட முடியாது. கப்பலின் அடிப்பகுதி தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ, அதைவிட ஆழமான தளம் வேண்டும். இதை 'மிதவை ஆழம்' என்பார்கள். தூத்துக்குடியில் 2024 செப்டம்பர் 16-ல் திறக்கப்பட்ட புதிய சரக்குப் பெட்டக முனையத்தின் தளம் 370 மீட்டர் நீளமும் 14.2 மீட்டர் மிதவை ஆழமும் கொண்டது. நிலக்கரிக் கப்பல்களுக்கு அனல்மின் நிலையத்தோடு கன்வேயரால் இணைக்கப்பட்ட தனித் தளங்கள் உண்டு. காற்றாலை இறகு ஏற்றும் கப்பலுக்கு, அந்த நீளமான இறகுகளை வைக்கவும் திருப்பவும் பக்கத்திலேயே இடம் வேண்டும்.

முதலில் வந்தவருக்கு முதலிடம்: ஏன் போதாது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரே காலையில் மூன்று கப்பல்கள் அடுத்தடுத்து வருகின்றன. தளம் ஒன்றுதான்.

• முதல் கப்பல்: வேலை முடிய 30 மணி நேரம்
• இரண்டாவது கப்பல்: 10 மணி நேரம்
• மூன்றாவது கப்பல்: 5 மணி நேரம்

வந்த வரிசையிலேயே விட்டால், முதல் கப்பலுக்குக் காத்திருப்பு இல்லை. இரண்டாவது 30 மணி நேரம் நிற்கும். மூன்றாவது 40 மணி நேரம் நிற்கும். மொத்தம் 70 மணி நேரம்.

இப்போ வரிசையைத் திருப்பிப் போடுவோம். 5 மணி நேரக் கப்பல் முதலில், அடுத்து 10, கடைசியில் 30. காத்திருப்பு முறையே 0, 5, 15. மொத்தம் 20 மணி நேரம்தான்.

தளமும் அதே, கிரேனும் அதே, ஆட்களும் அதே. ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவு செய்யவில்லை. வரிசை மாறியதால் மட்டும் 50 மணி நேரம் மிச்சம். கணிதத்தில் இந்த மாதிரி தேடலைத்தான் 'ஆப்டிமைசேஷன்' என்கிறார்கள். இருக்கிற வசதிக்குள்ளேயே மிகச் சிறந்த ஏற்பாட்டைக் கண்டுபிடிப்பது.

அப்போ சின்னக் கப்பலுக்குத்தான் எப்போதும் முதலிடமா?

இல்லை. எல்லாக் கப்பலின் ஒரு மணி நேரமும் ஒரே விலை இல்லை. பெரிய கப்பலின் ஒரு நாள் வாடகை அதிகம். ஒப்பந்தத்தில் சொன்ன நேரத்துக்குள் சரக்கு இறங்காவிட்டால், சரக்குக்காரர் கப்பல்காரருக்குத் தாமதக் கட்டணம் கொடுக்க வேண்டும். 'டெமரேஜ்' என்பது இதுதான். பல ஒப்பந்தங்களில், தளம் கிடைக்காமல் வெளியே நிற்கிற நேரமும் இந்தக் கணக்கில் ஓடும்.

அதே மூன்று கப்பல்களையே எடுத்துக்கொள்வோம். 30 மணி நேரக் கப்பல் சும்மா நிற்பதற்கு மற்றவற்றைவிட மணிக்கு 12 மடங்கு செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டுக்கும் மணிக்கு 1 பங்கு, இதற்கு 12 பங்கு.

• 5, 10, 30 என்ற வரிசையில்: மொத்தச் செலவு 185 பங்கு
• வந்த வரிசையில் (30, 10, 5): 70 பங்கு
• 30, 5, 10 என்ற வரிசையில்: 65 பங்கு

முன்பு சிறந்ததாக இருந்த வரிசை இப்போது படுமோசம். கணக்கு மாறவில்லை, 'எதைக் குறைக்க வேண்டும்' என்று நாம் சொன்னதுதான் மாறியிருக்கிறது. முதலில் நேரத்தைக் குறைக்கச் சொன்னோம், இப்போது செலவைக் குறைக்கச் சொல்கிறோம். இந்த விஷயத்தில் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் இதுதான்.

தளம் காலியாக இருந்தும் கப்பலை உள்ளே விடாதது ஏன்?

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு எரிச்சல் தரும் காட்சி இது. ஆனால் சில நேரம் இதிலும் நியாயம் உண்டு.

காலை 6 மணி. ஆழமான தளம் காலியாக இருக்கிறது. வெளியே ஒரு சின்னக் கப்பல் நிற்கிறது. அதற்கு 10 மணி நேர வேலை. ஆழம் குறைந்த தளம் 8 மணிக்குக் காலியாகும். 10 மணிக்கு ஒரு பெரிய கப்பல் வருகிறது. அதனால் ஆழமான தளத்தில் மட்டுமே நிற்க முடியும்.

சின்னக் கப்பலை உடனே ஆழமான தளத்தில் விட்டால் அது மாலை 4 மணிக்குத்தான் கிளம்பும். பெரிய கப்பல் 6 மணி நேரம் வெளியே நிற்கும். மாறாக, சின்னக் கப்பலை 2 மணி நேரம் காக்க வைத்து 8 மணிக்கு மற்ற தளத்துக்கு அனுப்பினால், பெரிய கப்பல் வந்தவுடன் நேராக உள்ளே போகலாம். மொத்தக் காத்திருப்பு 6 மணி நேரத்துக்குப் பதில் 2 மணி நேரம்.

எல்லா வரிசையையும் கம்ப்யூட்டர் போட்டுப் பார்க்க முடியாதா?

மூன்று கப்பல் என்றால் 6 வரிசைதான், கையிலேயே எழுதிப் பார்க்கலாம். 10 கப்பல் என்றால் 36,28,800 வரிசைகள். 15 கப்பலுக்குச் சுமார் 1.3 லட்சம் கோடி. இது ஒரே தளத்துக்கான எண்ணிக்கை. தளங்கள் கூடக்கூட இது இன்னும் எகிறும்.

அதனால் எல்லாவற்றையும் பார்க்காமலேயே நல்ல விடையைக் கண்டுபிடிக்கும் வழிகள் தேவைப்பட்டன. அடித்தளம் போட்டவர்கள் இருவர். சோவியத் யூனியனின் லியோனிட் கன்டோரோவிச் 1939-ல், தொழிற்சாலை வேலைகளைத் திட்டமிட ஒரு கணித முறையைக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் ஜார்ஜ் டான்ட்சிக் 1947-ல் 'சிம்ப்ளெக்ஸ்' முறையை உருவாக்கினார். கன்டோரோவிச்சுக்கு 1975-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

கப்பல் தளத்துக்கென்றே தனி ஆய்வுகள் 1990-களில் வேகம் பிடித்தன. சிங்கப்பூரில் ஆண்ட்ரூ லிம் 1998-ல் வெளியிட்ட ஆய்வு, இது கப்பல்கள் கூடக்கூட மிகக் கடினமாகும் வகைக் கணக்கு என்று காட்டியது. ஜப்பானின் அகியோ இமாய் குழு 2001-ல், கப்பல்கள் வெவ்வேறு நேரத்தில் வந்துகொண்டே இருக்கும் நிலைக்கான கணக்கை வெளியிட்டது.

கம்ப்யூட்டர் பயன்படுத்தும் ஒரு தந்திரத்தை நம் மூன்று கப்பல் கணக்கிலேயே பார்க்கலாம். 20 மணி நேரக் காத்திருப்பு உள்ள வரிசை கையில் இருக்கிறது. இப்போது 30 மணி நேரக் கப்பலை முதலில் விட்டால் என்ன ஆகும்? அடுத்த கப்பல் மட்டுமே 30 மணி நேரம் நின்றுவிடும். அதுவே 20-ஐ விட அதிகம். அப்படியானால் அந்தக் கப்பல் முதலில் வரும் எந்த வரிசையையும் திறந்துகூடப் பார்க்க வேண்டாம். இப்படிக் கிளை கிளையாக வெட்டித் தள்ளினால், கோடிக்கணக்கான வரிசைகள் பார்க்காமலேயே கழிந்துவிடும். அதுவும் போதாத பெரிய துறைமுகங்களில், 'மிகச் சிறந்தது' என்று நிரூபிக்க முடியாவிட்டாலும், அதற்கு மிக அருகில் இருக்கும் விடையைச் சில நிமிடங்களில் எடுத்துக்கொள்வார்கள்.

கணக்குக்கு என்னென்ன சொல்லித் தர வேண்டும்?

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒவ்வொரு தளத்துக்கும், 'இந்தக் கப்பல் இந்தத் தளத்திலா?' என்று ஒரு கேள்வி. ஆமாம் என்றால் 1, இல்லை என்றால் 0. இந்த 0, 1 பட்டியலை நிரப்புவதுதான் வேலை. நிரப்பும்போது மீறக் கூடாத விதிகள் இவை:

• ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரே ஒரு தளம், ஒரே ஒரு முறை
• ஒரு தளத்தில் ஒரே நேரத்தில் இரண்டு கப்பல் மோதக் கூடாது
• கப்பல் வந்து சேரும் முன் வேலை தொடங்க முடியாது
• தளத்தின் நீளமும் ஆழமும் கப்பலுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும்
• நிலக்கரி, எண்ணெய் போன்ற சரக்குகள் அதற்கான தளத்துக்கே போக வேண்டும்
• கப்பலை உள்ளே கொண்டுவர பைலட்டும் இழுவைக் கப்பலும் இருக்க வேண்டும்

இதில் கிரேனும் சேரும்போது கணக்கு இன்னும் சிக்கலாகும். ஒரு கன்டெய்னர் கப்பலுக்கு இரண்டு கிரேன் கொடுப்பதா மூன்று கொடுப்பதா என்பதைப் பொறுத்து, அது தளத்தில் நிற்கும் நேரமே மாறிவிடும். சரக்கை எடுத்துப் போக லாரியோ சரக்கு ரயிலோ வரவில்லை என்றால், கப்பல் வரிசையை எவ்வளவு சரியாகப் போட்டும் பலன் குறைவுதான்.

கப்பல் சொன்ன நேரத்துக்கு வராவிட்டால்?

காலை 10 மணிக்கு வருவதாகச் சொன்ன பெரிய கப்பல், புயலால் மாலை 6 மணிக்கு வந்தது என்று வையுங்கள். அதற்காகக் காலி வைத்திருந்த ஆழமான தளம் நாள் முழுக்கச் சும்மா கிடந்திருக்கும். சின்னக் கப்பலை உடனே விட்டிருந்தால் யாருமே காத்திருக்க வேண்டியதில்லை. போட்ட கணக்கு சரி. கொடுத்த தகவல்தான் தப்பு.

அதனால் ஒருமுறை திட்டம் போட்டு மூடிவைப்பது நடக்காது. புதுத் தகவல் வரவர, இனி உள்ளே வர வேண்டிய கப்பல்களுக்கு மட்டும் வரிசையைத் திருத்துவார்கள். அதற்காக அடிக்கடி மாற்றவும் கூடாது. பைலட், தொழிலாளர்கள், லாரிகள் எல்லாம் அந்தத் திட்டத்தை நம்பியே ஏற்பாடு செய்யப்படுகின்றன.

வரிசை பெரிதானால் ஆபத்தும் வரும். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்துக்கு வெளியே 2007 ஜூனில், நிலக்கரி ஏற்ற 50-க்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்து நின்றன. ஜூன் 8-ம் தேதி அடித்த புயலில் 'பாஷா பல்கர்' என்ற கப்பல் கரை தட்டியது. கப்பலில் இருந்தவர்கள் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள்.

'முதலில் வந்தவருக்கு முதலிடம்' என்ற விதிக்கு வேறொரு பக்க விளைவும் உண்டு. இடம் பிடிக்க எல்லாக் கப்பலும் வேகமாக ஓடி வந்து, பிறகு நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலின் வேகத்தை 10 சதவீதம் குறைத்தால், அதே தூரத்துக்கான எரிபொருள் ஏறக்குறைய 19 சதவீதம் குறையும் என்பது கப்பல் துறையில் பொதுவான கணக்கு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2021-ல் நெரிசல் உச்சத்தில் இருந்தபோது, நவம்பர் 16 முதல் விதியை மாற்றினார்கள். துறைமுகத்தை எட்டிய நேரத்தை விட்டுவிட்டு, முந்தைய துறைமுகத்திலிருந்து கிளம்பிய நேரத்தை வைத்து வரிசை எண் கொடுத்தார்கள். அவசரமாக ஓடிவர வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

தூத்துக்குடியைப் பாதிக்கும் நெரிசல் தூத்துக்குடியில்தான் நடக்க வேண்டும் என்றும் இல்லை. இங்கிருந்து போகும் கன்டெய்னர்களில் பல, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. 2023 இறுதியில் செங்கடல் பகுதியில் தாக்குதல்கள் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்ற ஆரம்பித்ததும் கொழும்பில் நெரிசல் கூடியது. 2024 மே மாதம் சிங்கப்பூரில் கன்டெய்னர் கப்பல்கள் சராசரியாக 2 முதல் 3 நாள் தளத்துக்காகக் காத்திருந்தன. இங்கே சில மணி நேரம் தாமதமான கப்பல், அங்கே இணைப்புக் கப்பலைத் தவறவிட்டால், நூல் மூட்டை போய்ச் சேர ஒரு வாரம்கூடத் தள்ளிப்போகலாம்.

இந்தியாவில் என்ன நடைமுறை?

துறைமுக அதிகாரிகள், கப்பல் ஏஜென்ட்கள், சரக்குக் கையாளும் நிறுவனத்தினர் கூடிப் பேசி அடுத்த நாளுக்கான வரிசையை முடிவு செய்யும் 'பெர்த்திங் மீட்டிங்' நம் பெரிய துறைமுகங்களில் வழக்கமானது. இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே ஓடும் கடலோரக் கப்பல்களுக்கு முன்னுரிமை தரும் விதிகளும் உண்டு. கன்டெய்னர் கப்பல்கள் வாரம்தோறும் குறிப்பிட்ட நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் உண்டு.

மத்திய கப்பல் அமைச்சகம் 2016-ல், நிலக்கரி, உரம் போன்ற மொத்தச் சரக்குகளுக்காக ஒரு பெர்த்திங் கொள்கையைக் கொண்டுவந்தது. எந்தச் சரக்கை எந்தத் தளத்தில் எவ்வளவு வேகத்தில் இறக்க வேண்டும் என்று அளவு வைக்கச் சொன்னது. அளவைத் தாண்டினால் ஊக்கத்தொகை, தவறினால் அபராதம். வரிசைக் கணக்குக்கு இது பெரிய உதவி. 'இந்தக் கப்பல் எத்தனை மணி நேரம் நிற்கும்?' என்ற கேள்விக்கு நம்பகமான பதில் இல்லாமல் எந்தக் கணக்கும் போட முடியாது.

யார் காத்திருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது?

மொத்தக் காத்திருப்பைக் குறை என்று மட்டும் கம்ப்யூட்டரிடம் சொன்னால், சின்னக் கப்பல்கள் வந்துகொண்டே இருக்கும்வரை 30 மணி நேரக் கப்பலுக்கு இடமே கிடைக்காமல் போகலாம். செலவை மட்டும் குறை என்று சொன்னால், வாடகை அதிகமுள்ள பெரிய நிறுவனத்தின் கப்பல் எப்போதும் முன்னால் போகும். சின்ன வியாபாரியின் சரக்கு ஏற்றிய கப்பல் ஓரத்தில் நிற்கும்.

இதற்கும் கணக்கிலேயே வழி உண்டு. 'எந்தக் கப்பலும் இத்தனை மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது' என்று ஒரு விதி சேர்க்கலாம். காத்திருக்கும் நேரம் கூடக்கூட அந்தக் கப்பலின் மதிப்பையும் கூட்டலாம். மொத்தத்தைப் பார்க்காமல், அதிக நேரம் நிற்கும் கப்பலின் காத்திருப்பைக் குறைக்கச் சொல்லலாம்.

இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கம்ப்யூட்டர் சொல்லாது. மின் நிலையத்தில் நிலக்கரி இருப்பு குறையும்போது நிலக்கரிக் கப்பலுக்கு எவ்வளவு மதிப்பு? நடவுக் காலத்தில் உரக் கப்பலுக்கு எவ்வளவு? ஏற்றுமதி ஆர்டரின் கடைசி நாள் நெருங்கும் நூல் கன்டெய்னருக்கு எவ்வளவு? இந்த எண்களைக் கொடுப்பது மனிதர்கள்தான்.

அதனால் 'கம்ப்யூட்டரே வரிசை போட்டுவிட்டது' என்று எந்தத் துறைமுகம் சொன்னாலும், கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. எதைக் குறைக்கச் சொல்லி அந்தக் கணக்கு போடப்பட்டது? எந்தச் சரக்குக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கப்பட்டது? பதில் வெளிப்படையாக இருந்தால், காத்திருக்க வேண்டியவர்களும் ஏன் காத்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு காத்திருப்பார்கள்.